ஐந்நூற்றைம்பதுக்கு மேல் ஒரு வாட் கிடையாது

சூரியனைச் செய்தவர், செய்வதற்கு முன்னால் நூர்மெஸ் ஊர் துயிரே கீஸ்கினெனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். துயிரே ஓர் அட்டைத் துண்டைக் கிழித்து, காதில் செருகிய பென்சிலை எடுத்து, பூமிக்கு எவ்வளவு வேண்டும், செவ்வாய்க்கு எவ்வளவு வேண்டும் என்று கூட்டி, மூன்றில் ஒரு பங்கு சேர்த்து, "இதுல பாதி போதும், மேல எதுக்கு?" என்று கேட்டிருப்பார். எங்களுக்கு ஜூன் மாதத்தில் இரவு பதினோரு மணிக்கும் அணையாமல் எரியும் அந்த ஊதாரித்தனம் இருந்திருக்காது. டிசம்பரில் மூன்று மணிக்கே கடையை மூடிக்கொண்டு ஓடும் கேவலமும் இருந்திருக்காது. வாட் கணக்கில் அவரை மிஞ்ச இந்த அண்டத்தில் ஆள் இல்லை. இதைச் சொல்வதற்கு எனக்கு யாரும் எதுவும் தரவில்லை. காபி தருவார், அது வேறு.

அவருடைய கடை தேவாலயத் தெருவில் இருக்கிறது. கதவைத் திறந்தால் இடது சுவர் முழுக்கச் சௌனா என்ற நீராவிக் குளியலறைக்கான அடுப்புகள், வலது சுவர் முழுக்கக் கணினிகள். நடுவில், தண்ணீர் ஊற்றி ஆவி எழுப்ப அடுப்பில் போடும் கற்கள், இருபது கிலோப் பெட்டிகளாக அடுக்கியிருக்கும். என் இடம் அந்தக் கல் பெட்டிகளின் மேல். எங்கள் கிராமத்துக்குப் பேருந்து நாலு நாற்பதுக்கு. தொழிற்பள்ளி ஒரு மணிக்கு விட்டுவிடும். நான் போகாத நாட்களில் இன்னும் சீக்கிரம் விட்டுவிடும். யாராவது கல் வாங்க வந்தால் எழுந்துகொள்ள வேண்டும் என்பது மட்டும்தான் அங்கே எனக்கு இருந்த விதி.

துயிரே ஐம்பத்துமூன்று வயதுப் பெண்மணி. வால்திமோவில் பிறந்தவர். பதினோரு வருடம் ஒரு சௌனா அடுப்புத் தொழிற்சாலையில் சோதனை மேசையில் நின்றார். வரும் ஒவ்வோர் அடுப்பையும் மின்சாரத்தில் மாட்டி, மீட்டரைப் பார்த்து, எழுதியிருக்கும் வாட்டும் இழுக்கும் வாட்டும் ஒன்றுதானா என்று பார்த்து முத்திரை குத்துவது வேலை. தொழிற்சாலை ஊரை விட்டுப் போனபோது இவர் போகவில்லை. ஓவ்லுவுக்குக் குடிபெயர்ந்த ஒருவரிடமிருந்து இந்தக் கடையை வாங்கினார். அந்த மனிதர் விற்றுக்கொண்டிருந்தது கணினிகள். அவற்றைத் தூக்கிப் போட மனம் வராமல், அடுப்புகளை எதிர்ச் சுவரில் வைத்தார். கணினியைப் பற்றி அப்போது அவருக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே பார்த்தபோது ஒரே ஒரு பெட்டி மட்டும் புரிந்தது: சுவரிலிருந்து மின்சாரத்தை வாங்கி மற்ற எல்லாவற்றுக்கும் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளை. அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே நுழைந்தார். இன்றுவரை கணினி வாங்க வருகிறவரிடம் அவர் பேச்சை ஆரம்பிப்பதும் அங்கிருந்துதான்.

அவருடைய முறை எளிது. என்ன ஓட்டப் போகிறாய் என்று கேட்பார். உள்ளே போகும் ஒவ்வொரு பாகமும் அதிகபட்சம் எவ்வளவு இழுக்கும் என்று அட்டைத் துண்டில் எழுதிக் கூட்டுவார். திடீரென்று இழுப்பதற்கும் பழசாகித் தளர்வதற்கும் மூன்றில் ஒரு பங்கு சேர்ப்பார். வரும் எண்ணுக்கு அடுத்த அளவு எதுவோ அதை எடுப்பார். அதற்கும் மேலே ஒரு படி, வாடிக்கையாளர் அழுதாலும் ஏற மாட்டார்.

நான் அந்தக் கடையில் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. சௌனாவில் உடம்பில் அடித்துக்கொள்ளும் பிர்ச் இலைக்கட்டை ஒரு கணினிப் பெட்டிக்குள் தொங்கவிட்டு, "சத்தமில்லாத குளிர்விப்பான்" என்று சீட்டு கட்டினேன். இன்னொரு நாள் ஓர் ஆறு கிலோவாட் அடுப்பைச் சுற்றி வண்ண விளக்குப் பட்டை ஒட்டி, "வீடியோ கேம் ஆடுகிறவர்களுக்கான சௌனா அடுப்பு" என்று அட்டை வைத்தேன். என் எல்லா வேலையிலும் ஒரு மூலையில் சின்னதாக ஒரு மீன் வரைந்திருக்கும். விலாங்கு இல்லை, ஏரியில் பிடிக்கும் பைக் மீன், பல் தெரியும். செய்தது யாரென்று தெரியாமல் போனால் செய்து என்ன பயன்?

துயிரே அந்த அடுப்பைத் தாண்டி இரண்டு நாள் போனார், வந்தார். முகத்தில் எதுவும் மாறவில்லை. மூன்றாம் நாள் கோடை வீடு கட்டும் ஹெல்சிங்கிக்காரத் தம்பதி ஒன்று அதுதான் வேண்டும் என்று நின்றது. துயிரே விளக்கை உரித்து ஒரு காகிதப் பையில் போட்டார்.

"இது அடுப்பு மேல இருந்தா உருகிடும். வெளிய வாசல்ல ஒட்டிக்குங்க."

அடுப்போடு பையையும் வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் கார் கிளம்பிய பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"மீன் பரவால்ல. வாலுதான் சரியா வரல."

ஜனவரியில் ரெய்யோ வந்தார்.

ரெய்யோ நேவலைனென் நகரத்துச் சாலைகளில் பனி வாரும் வண்டி ஓட்டுகிறவர். விடியற்காலை மூன்று மணியிலிருந்து மதியம் வரை அதில் இருப்பார். பிறகு வீட்டுக்குப் போய்க் கணினியில் லாரி ஓட்டுவார். அந்த விளையாட்டில் பனி பெய்வதில்லை என்பதுதான் அதன் சிறப்பாம். அவருடைய பழைய கணினி அன்று செத்துப் போயிருந்தது.

"புது மெஷின் ஒண்ணு கட்டிக் குடு. பவர் சப்ளை ஆயிரம் வாட்."

"என்ன ஓட்டப் போற?"

"லாரி."

"வேற?"

"வேற என்ன. எப்பவாச்சும் பஸ்சு."

துயிரே அட்டையைக் கிழித்தார். "ப்ராசசர் நூத்தஞ்சு. கிராபிக்ஸ் கார்டு இருநூத்தி இருபது. மத்ததுக்கெல்லாம் அம்பது. முன்னூத்தி எழுபத்தஞ்சு. மூணுல ஒரு பங்கு சேத்தா ஐநூறு. அடுத்த சைஸ் ஐநூத்தம்பது."

"ஆயிரம்."

"ஐநூத்தம்பது."

"பெருசாப் போட்டா மெஷின் கெட்டுடுமா?"

"கெடாது."

"கரண்டு பில் ஏறுமா?"

"ஏறாது. அது கேக்கறதத்தான் இழுக்கும்."

"பின்ன என்ன உனக்கு?"

"வேணாததை நான் விக்கறதில்ல."

தன் கட்சிக்கு எதிரான சாட்சி எல்லாவற்றையும் தானே சொல்லிவிட்டு, கடைசியில் அசையாமல் நிற்பது. எந்த வக்கீலும் தலையில் கை வைத்துக்கொண்டிருப்பார்.

"சௌனா அடுப்புக்கும் இதே பாட்டுத்தான் பாடின," என்றார் ரெய்யோ.

"அதுல பெருசு போட்டா கெடும்னு சொன்னேன். இதுல கெடாது. ஆனா ரெண்டுமே வேணாதது."

"என் ஒன்பது கிலோவாட்டுக்கு என்ன குறைச்சல்?"

"சிர்க்காவக் கேளு."

சிர்க்கா ரெய்யோவின் மனைவி. அவர்கள் சௌனா ஆறு கன மீட்டர். துயிரே ஆறு கிலோவாட் அடுப்பு போதும் என்றார். ரெய்யோ யோயென்சூ வரை போய் ஒன்பது வாங்கி வந்தார். அறை பத்து நிமிடத்தில் கொதிக்கும். அடுப்பு தானாக அணைந்துகொள்ளும். கல் சூடேற நேரமே இருக்காது. தண்ணீர் ஊற்றினால் ஆவி எழும்பாமல் கல்லுக்கிடையே வழிந்து கீழே தேங்கும். சிர்க்கா நாலு வருடமாகச் சனிக்கிழமைகளில் பக்கத்து வீட்டுச் சௌனாவுக்குப் போகிறார். ஊருக்கே தெரியும். ரெய்யோ மட்டும் அவர் அங்கே பின்னல் வேலைக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் காபி குடித்தார்கள். ஏரியில் பனிக்கட்டி எத்தனை சென்டிமீட்டர் என்று பேசினார்கள். ரெய்யோ எழுந்து, "சரி, திங்கக்கெழம வரேன்," என்றார். துயிரே, "சரி," என்றார்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கு முடிவது இப்படித்தான். இரண்டு பேரும் பேசுவதை நிறுத்துவார்கள். எதிராளி வாயை மூடிக்கொண்டதால் ஒத்துக்கொண்டார் என்று இருவருமே நினைத்துக்கொள்வார்கள். இப்படி முடிந்த வழக்குகள் முப்பது வருடம் உயிரோடு இருந்ததுண்டு. துயிரே ஐந்நூற்றைம்பது என்று முடிந்துவிட்டதாக நினைத்தார். ரெய்யோ ஆயிரம் என்று முடிந்துவிட்டதாக நினைத்தார். கதவருகே பூட்ஸ் மாட்டும்போது என்னிடம் சொல்லியே விட்டார்.

"போட்டுருவா பாரு. பெட்டியத் திறந்தா ஆயிரம்னு கண்ணுல படணும். எனக்கு அவ்வளவுதான் வேணும்."

இதில் என்ன பெரிய விஷயம் என்றால், அடுத்த மாதம் ஊர் இளைஞர் இல்லத்துக்குப் பதினோரு கணினி வாங்க இருந்தார்கள். துயிரேவிடமா, யோயென்சூவில் ஒரு கடையிலா என்று முடிவு செய்ய மூன்று பேர் கொண்ட குழு. அதில் இருவர் பிறந்ததிலிருந்து எதிரெதிராகக் கை தூக்குகிறவர்கள். மூன்றாவது ஆள் ரெய்யோ. கூட்டம் பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை.

துயிரேவின் கடை இருந்த கட்டடத்துக்கு வாடகை ஒப்பந்தம் மார்ச்சோடு முடிவதாக இருந்தது. அடுப்பு விற்பனை அந்தக் குளிர்காலம் மந்தம். பழைய தொழிற்சாலையில் சோதனை மேசை வேலை மறுபடி காலியாக இருந்தது. அது இருந்தது நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி. ரெய்யோ போன அன்று சாயங்காலம் துயிரே இரண்டு தடவை தொலைபேசியில் பேசினார். கட்டடத்துச் சொந்தக்காரரிடமும் தொழிற்சாலையிலும் சொன்னது ஒரே வாக்கியம். "அந்த வியாழக்கிழமைக்கு அப்புறம் சொல்றேன்."

நான் கல் பெட்டி மேல் உட்கார்ந்து உள்ளே அரிசிக் கஞ்சி வைத்துச் சுட்ட மாவடையில், மசித்த முட்டை கலந்த வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். அந்தக் கடை இல்லாவிட்டால் பேருந்துக்கு வேறு எங்கும் காத்திருக்கலாம். பேருந்து நிலையத்தில் ஒரு பெஞ்சு இருக்கிறது. இதைத் தகவலுக்காகச் சொல்கிறேன்.

எங்கள் தொழிற்பள்ளியில் பெயர்ப்பலகை செய்யும் பிரிவு ஒன்று உண்டு. அங்கே வெள்ளித் தாளில் ஸ்டிக்கர் அச்சடிக்கலாம். ஐந்நூற்றைம்பது வாட் பவர் சப்ளையின் பக்கவாட்டு லேபிளைப் படமெடுத்துக்கொண்டு போய், அதே அளவு, அதே எழுத்து, அதே கட்டங்களோடு ஒன்று செய்தேன். மேலே பெரிதாக இருந்த 550 என்பதை 1000 ஆக்கினேன். கீழே சின்ன எழுத்தில் வோல்ட், ஆம்பியர் என்று ஒரு கட்டம் இருந்தது. அதை யாரும் படிப்பதில்லை. அப்படியே விட்டேன்.

திங்கட்கிழமை காலை கல் லாரி வந்தது. துயிரே இறக்கப் பின்முற்றத்துக்குப் போனார். ரெய்யோவின் கணினி பக்கக் கதவு திறந்தபடி மேசையில் இருந்தது. ஸ்டிக்கர் ஒட்டப் பத்து நொடி ஆயிற்று. என் கணக்கு சுத்தமாக இருந்தது. மெஷினுக்கு ஐந்நூற்றைம்பது போதும், அது கிடைத்துவிட்டது. ரெய்யோவுக்கு ஆயிரம் என்ற எழுத்து வேண்டும், அதுவும் கிடைத்துவிட்டது. ரெய்யோ சந்தோஷமாகக் கை தூக்குவார். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை.

ரெய்யோ சந்தோஷமாகத்தான் இருந்தார். அதுதான் தொல்லையாகப் போயிற்று. வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தவர், மறுநாளிலிருந்து பனி வாரிய ஒவ்வொரு தெருவிலும் அதைச் சொன்னார். நாலாம் நாள் துயிரே பால் வாங்கப் போன இடத்தில் கல்லாப் பெண் கேட்டாள்.

"கடைசியில நீயும் எறங்கி வந்துட்டியாமே? ரெய்யோவுக்கு ஆயிரம் குடுத்தியாம்."

"அப்படியா," என்று துயிரே சொல்லிவிட்டுப் பாலோடு வந்தார்.

கடைக்கு வந்து என்னிடம் சொன்னார். "ரெய்யோ ஊர் பூரா ஆயிரம் ஆயிரம்னு சொல்லிட்டுத் திரியறான். ஐநூத்தம்பதுன்னு சொல்ல வெக்கம் போல. சொல்லிக்கட்டும், பாவம்."

நான் கற்களைப் பார்த்தேன். சௌனாக் கல்லில் பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது.

அந்த வாரமும் அடுத்த வாரமும் மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேருக்கும் ஆயிரம் வேண்டும். ஒரு மரம் அறுக்கிறவர், கணக்கு எழுதவும் மகள் பாடம் படிக்கவும் கணினி கேட்டவர், "ரெய்யோன்னா ஒரு நியாயம், எனக்கு ஒண்ணா?" என்று கதவை ஓங்கிச் சாத்திவிட்டுப் போனார். துயிரே யாரிடமும் ரெய்யோவைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவருக்குத் தெரிந்தவரை ரெய்யோ சொன்னது பொய். பொய் சொல்கிறவனை ஊர் முன்னால் பிடித்து நிறுத்துவது அவர் வழக்கமில்லை. இருபது வருடம் ஒரு வாட் கூடுதலாக விற்காதவர் என்ற பெயர் பதினைந்து நாளில் கரைந்துகொண்டிருந்தது. அவர் அட்டையைக் கிழித்து, கூட்டி, மூன்றில் ஒரு பங்கு சேர்த்து, வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

கூட்டத்துக்கு முந்தின நாள், புதன்கிழமை மதியம், ரெய்யோ மறுபடி வந்தார். கணினியைத் தள்ளு சறுக்குவண்டியின் இருக்கையில் வைத்து, போர்வை சுற்றி, கயிறு கட்டி, நடந்தே தள்ளிக்கொண்டு வந்திருந்தார். கடைக்குள் வந்ததும் வணக்கம் சொல்லவில்லை.

"உன் ஆயிரம் வாட் ஒரு மழைக்குத் தாங்கல."

"மைனஸ் பதினெட்டுல என்ன மழை?"

"லாரியில. டென்மார்க் தாண்டி ராத்திரி நேரம், செம மழை. வைப்பர் போட்டேன். பட்டுனு எல்லாம் இருட்டு. நாலு தரம் இப்படி. பதினாலு டன் சீஸ் ஏத்திட்டுப் போறேன் நான்."

"சீஸ் என்னாச்சு?"

"அங்கயே நிக்குது." அவர் தொப்பியைக் கழற்றினார். "நாளைக்குக் கூட்டம். பதினோரு மெஷின். நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உனக்குக் கை தூக்கறது?"

"என் ஆயிரம்ங்கறியே. நான் எப்பக் குடுத்தேன் ஆயிரம்?"

"பெட்டி சொல்லுதே. திறந்து பாரு."

துயிரே கயிற்றை அவிழ்த்து, மேசைக்குத் தூக்கி, பக்கக் கதவைக் கழற்றினார். முதலில் அவர் பார்த்தது லேபிளை அல்ல, கிராபிக்ஸ் கார்டை. அவர் போட்டதைப் போல ஒன்றரை மடங்கு நீளமாக, வேறொன்று இருந்தது.

"இது யாருது?"

"குவோப்பியோவுல இருக்கிற மச்சான் மகன் குடுத்தான். முன்னூத்தி இருபது வாட் கார்டு. ஆயிரம் இருக்கேன்னுதான் தைரியமாப் போட்டேன்."

பிறகுதான் துயிரே லேபிளைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். சுவரிலிருந்த பிளக்கில் வாட் மீட்டரை மாட்டி, மீட்டரில் கணினியை மாட்டி, "ஓட்டு," என்றார். ரெய்யோ நின்றபடியே லாரியைக் கிளப்பினார். மீட்டர் முன்னூறு, நானூறு என்று ஏறியது. மழை வந்தது. ஐந்நூறைத் தொட்டது. இருட்டு.

"மீட்டருக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்," என்றார் துயிரே. "கண் சிமிட்டற நேரத்துக்கு எழுநூறு வரைக்கும் இழுத்திருக்கும். அத மீட்டர் பாக்கறதுக்குள்ள பவர் சப்ளை பயந்து அணைச்சுக்கும். அணைச்சது நல்லது, இல்லன்னா உள்ள எல்லாம் போயிருக்கும்."

"ஆயிரம் வாட் எதுக்கு எழுநூறுக்குப் பயப்படுது?"

துயிரே பென்சிலை எடுத்தார். லேபிளின் கீழே, யாரும் படிக்காத அந்தக் கட்டத்தில் விரலை வைத்தார்.

"பன்னெண்டு வோல்ட். நாப்பத்தஞ்சு ஆம்பியர். பெருக்கு."

ரெய்யோ பெருக்கவில்லை. துயிரேவே அட்டையில் பெருக்கி அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். ஐந்நூற்று நாற்பது.

"ஆயிரம்னா இந்த இடத்துல எண்பத்திமூணு இருக்கணும்."

இரண்டு எண்ணைப் பெருக்கினால் மூன்றாவது வரும் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். பள்ளியில் இதைச் சொல்லிக்கொடுத்த நாளில் நான் எங்கே இருந்தேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது. ஏரியில், பனிக்கட்டியில் துளை போட்டு, தூண்டிலோடு.

துயிரே நகத்தால் லேபிளின் மூலையைக் கிளப்பி மெல்ல உரித்தார். அடியில் பழைய லேபிள் இருந்தது. உரித்ததை நாலாக மடிக்காமல், கசக்காமல், தன் வேலை மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

"நான் வெச்சது இது. ஐநூத்தம்பது. மேல ஒட்டினது நான் இல்ல."

"பின்ன யாரு?"

"இன்னும் கேக்கல."

அவர் என் பக்கம் பார்க்கவில்லை. ரெய்யோவும் பார்க்கவில்லை. கல் பெட்டி மட்டும் ஒன்பது கிலோவாட்டில் எரிந்ததுபோல் இருந்தது.

ரெய்யோ ஜன்னல் வழியாகச் சறுக்குவண்டியைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"அப்ப இவ்வளவு நாளும் ஐநூத்தம்பதுலயா ஓடிச்சு?"

"நடுவுல நின்னுச்சா?"

"இல்ல." ரெய்யோ அந்த நீளக் கார்டைத் தட்டினார். "இந்தக் கார்டு போட்டப்புறம்தான்."

அவர் மனதில் என்ன ஓடியது என்று ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். ஒட்டியது யாரென்று தேடிப்போனால், நேவலைனென் பதினைந்து நாளாக ஐந்நூற்றைம்பது வாட்டில் ஐரோப்பா முழுக்க லாரி ஓட்டிக்கொண்டே ஆயிரத்தின் பெருமை பேசினார் என்பது எல்லாருக்கும் தெரியும். பின்னல் வேலைக் கதையை வேறு கிளறுவார்கள். கை தூக்காமல் போகவும் அவருக்கு வழி இருந்தது. உன் கடையில் வைத்திருந்தபோதுதான் யாரோ ஒட்டியது, அது உன் பொறுப்பு என்று சொல்லலாம். அது உண்மையும் கூட. துயிரேவுக்கும் அது தெரியும். மீட்டரைக் கழற்றிச் சுருட்டினார்.

"சரி," என்றார் ரெய்யோ. "அப்ப இதுக்கு எவ்வளவு வேணும்?"

எனக்குத் தெரிந்து வாழ்க்கையில் அவர் யாரிடமும் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"கார்டு முன்னூத்தி இருபது. நூத்தஞ்சு. அம்பது. நானூத்தி எழுபத்தஞ்சு. இந்தக் கார்டு திடீர்னு விழுங்கற ரகம், இதுக்கு மூணுல ஒண்ணு பத்தாது. பாதி சேக்கணும். எழுநூத்திச் சொச்சம். எழுநூத்தம்பது."

"இவ்வளவு தூரம் வந்தாச்சு, ஆயிரமே போட்டுடேன்."

"எழுநூத்தம்பது."

"எண்ணூத்தம்பது."

"ரெய்யோ, நீ என்ன மீன் சந்தையிலயா நிக்கற? எழுநூத்தம்பது."

இந்தத் தடவை பேச்சு காபியிலும் பனிக்கட்டியிலும் போய் நிற்கவில்லை. ரெய்யோ வாயைத் திறந்து சொன்னார். "போடு."

அரை மணி நேரத்தில் மாற்றிக் கொடுத்தார். மழையில் லாரி ஓடியது. சீஸ் ஹாம்பர்க் போய்ச் சேரும்வரை ரெய்யோ அங்கேயே நின்று ஓட்டினார். துயிரே நாளைக் கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வியாழக்கிழமை கூட்டத்தில் நான் இல்லை. இளைஞர் இல்லத்தைப் பெருக்குகிறவர் சொல்லித்தான் தெரியும். இருவர் வழக்கம்போல் எதிரெதிராகக் கை தூக்கினார்கள். யோயென்சூக் கடையின் பக்கம் தூக்கியவர், துயிரே இப்போதெல்லாம் ஆளுக்கேற்றபடி விற்கிறாராமே, ரெய்யோவுக்கு ஆயிரம் கொடுத்தாராமே என்று இழுத்தார்.

"அது நான் சும்மா சொன்னது," என்றார் ரெய்யோ. "ஐநூத்தம்பதுதான் குடுத்தா. அது போதுமா இருந்துச்சு." பிறகு கையைத் தூக்கினார். "வேணாததை அவ விக்கறதில்ல."

அவர் அந்தக் குழுவில் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான் என்று பெருக்குகிறவர் சொன்னார்.

வெள்ளிக்கிழமை நான் போனபோது துயிரே எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தொலைபேசியில் இருந்தார். "ஆமா. இன்னும் ரெண்டு வருஷத்துக்கு எழுதிக்குங்க," என்றார். தொழிற்சாலைக்கு இன்னொரு அழைப்பு. அது இதைவிடச் சின்னது. வைத்துவிட்டு இரண்டு கோப்பையில் காபி ஊற்றினார். மாவடை ஒன்றைத் தட்டில் வைத்தார். மேலங்கிப் பையிலிருந்து வெள்ளித் தாளை எடுத்து, மேசையில் போட்டு, உள்ளங்கையால் நீவி நேராக்கினார்.

"மீன் எங்க?"

"என்ன மீன்?"

"பிர்ச் கட்டுல இருந்துச்சு. விளக்கு ஒட்டின அடுப்புல இருந்துச்சு. இதுல நாலு மூலையும் பாத்துட்டேன். இல்ல."

"இடம் இல்ல."

அவர் தாளைத் திருப்பினார். பின்பக்கம் வெறும் வெள்ளை.

"மீன் போட்டிருந்தா வெளையாட்டுன்னு நெனச்சிருப்பேன்," என்றார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து. "நீ வெளையாட்டுக்குப் பண்ணினா பேர் போடாம விடமாட்டியே. அப்ப இது எதுக்குப் பண்ணின?"

பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்தேன்.

துயிரே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று பத்து.

"நாலு நாப்பதுல மூணு பத்து போனா ஒன்றரை மணி நேரம் இருக்கு," என்றார். "உக்காரு."